ஆளில்லாத சின்னத்துக்கு ஒரு ஆள்

எங்கள் தொகுதியின் தேர்தல் சரித்திரத்தை எழுதப் போகிறேன் என்று என் அக்கா மகன் ஒரு நோட்டோடு வந்து உட்கார்ந்தான். மலையும் அடிவாரத்து ஊர்களும் சேர்ந்த தொகுதி. மலைவாழ் மக்களுக்கென்று ஒதுக்கியது. எந்தத் தேர்தலில் யார் நின்றார், யார் ஜெயித்தார் என்று வரிசையாக வேண்டுமாம். "சித்தி, நீங்கதான் எலெக்‌ஷன் டூட்டிக்குன்னே பொறந்தவங்களாச்சே, சொல்லுங்க" என்றான். வாயைத் திறந்தேன். ஜெயித்தவர் ஒருவர் பெயரும் நேராக வரவில்லை. தோற்றவர்கள் பெயர்தான் வந்தது. அதுவும் சும்மா தோற்றவர்கள் இல்லை, டெபாசிட்டும் போய், கைவிரல் விட்டு எண்ணுகிற ஓட்டு வாங்கி, அடுத்த நாளே ஊர் மறந்துபோன ஆட்கள். "தோத்தவங்க லிஸ்ட் எனக்கு எதுக்கு சித்தி?" என்று அவன் நோட்டை மூடிவிட்டான்.

குற்றம் என்னுடையது இல்லை. ரைட்டருடையது.

எஸ்டேட்டில் காலையில் ஆள் கூப்பிட்டு, செக்ரோல் என்கிற பேரேட்டில் குறி போடுகிறவருக்கு ரைட்டர் என்று பெயர். அந்த வேலை போன பிறகும், ஏற்காடு பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் ஸ்டூல் போட்டு மனு எழுதிக்கொண்டிருந்தபோதும், அவரை எல்லாரும் ரைட்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் பெண்சாதியும் வெளியாட்களிடம் "ரைட்டரு" என்றுதான் சொல்வாள். அதனால் நானும் அப்படியே வைத்துக்கொள்கிறேன். ஒல்லியான ஆள். பழுப்பு ஸ்வெட்டர், காதில் பென்சில். வெயில் காலத்திலும் ஸ்வெட்டரைக் கழற்றிப் பார்த்ததில்லை.

நான் முதன்முதலாக டூட்டிக்குப் போனது எழுபதுகளின் கடைசியில், செம்மநத்தம் பள்ளிக்கூடத்து பூத்துக்கு. விரலில் மை வைக்கிற வேலை. காலையில் ஓட்டு ஆரம்பிக்குமுன் தலைமை அலுவலர் காலிப் பெட்டியைத் திறந்து கட்சி ஏஜென்டுகளுக்குக் காட்டவேண்டும், அது சட்டம். "பாத்துக்குங்க, காலி" என்றார் அவர். இரண்டு ஏஜென்டுகள் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார்கள். பெஞ்சின் ஓரத்தில் மூன்றாவதாக உட்கார்ந்திருந்த ஸ்வெட்டர்க்காரர், "கொஞ்சம் இருங்க சார்" என்று எழுந்து வந்தார். ஸ்வெட்டர் கையை முழங்கைக்கு மேலே சுருட்டினார். பெட்டிக்குள் கையை விட்டு, ஊறுகாய் ஜாடியின் அடியை வழிப்பதுபோல நாலு மூலையையும் தடவினார்.

"என்னய்யா, சந்தேகமா?" என்றார் அலுவலர்.

"சந்தேகமெல்லாம் இல்லீங்க சார். காலீன்னு கண்ணு சொல்லிச்சு. கையும் ஒருக்கா சொல்லட்டுமேன்னு."

பெஞ்சில் இருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர்கள் பெரிய கட்சி ஆட்கள். இவர் கோடாலிச் சின்னத்து ஏஜென்டு. கோடாலிச் சின்னத்தில் நின்றவர் யாரோ அடிவாரத்து சுயேச்சை, மலையில் ஒருத்தருக்கும் அவர் முகம் தெரியாது. மத்தியானம் கூட்டம் குறைந்தபோது நான் சும்மா இருக்கமாட்டாமல் கேட்டேன்.

"கோடாலிக்காரரு உங்களுக்குச் சொந்தமுங்களா?"

"இல்லீங்க டீச்சரம்மா. ஏஜென்டு பாரத்துல கையெழுத்து வாங்கப் போனப்பத்தான் மொத மொதல்ல பாத்தேன். நல்ல மனுசன். ஒரு சொம்பு மோரு குடுத்தாரு."

"ஒரே கட்சியா?"

"அவருக்கே கட்சி இல்லீங்களே."

"பின்ன எதுக்கு இங்க வந்து நாள் முழுக்க உக்காந்திருக்கறீங்க?"

"அவரு பேருக்கு நேரா ஆளில்லீங்களே" என்றார், நான்தான் ஏதோ அசட்டுத்தனமாகக் கேட்டுவிட்டதுபோல. "செக்ரோல்ல ஒரு பேரு இருந்தா, வந்தாரா வரலியான்னு நேரா ஒரு குறி விழுகோணுமுங்க. பேரு இருந்து, ஏன்னு கேக்க ஆளில்லீன்னா எனக்கு மனசு அரிக்கும். வேற ஒண்ணுமில்லீங்க."

பெரிய கட்சிக்காரர்களுக்கு ஜீப்பில் பிரியாணிப் பொட்டலம் வந்தது. கோடாலிக்கு யார் கொண்டுவருவார்? இவர் பெண்சாதி கட்டிக்கொடுத்த தூக்குப் போசியைத் திறந்து புளிச்சோறு சாப்பிட்டார். அதில் ஒரு வாய் என்னிடமும் நீட்டினார். அலுவலர் முறைத்தார். டூட்டியில் இருக்கிறவர்கள் ஏஜென்டு கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கக்கூடாது என்று வகுப்பெடுத்தார். நான் வாங்கவில்லை.

அப்புறம்தான் தெரிந்தது, அது அவருக்குப் புதுசு இல்லை என்று. அதற்கு முந்தின தேர்தலிலும் இப்படியே. வேட்புமனு வாபஸ் எல்லாம் முடிந்ததும் பட்டியலை வாங்கிப் பார்ப்பார். செம்மநத்தம் பூத்தில் எந்தச் சின்னத்துக்கு ஆளில்லை என்று விசாரிப்பார். மலையிறங்கி அந்த வேட்பாளரைத் தேடிக் கண்டுபிடித்து, "ஏனுங்க, ஒரு கையெழுத்துப் போடுங்க, நான் உங்களுக்கு உக்கார்றேன்" என்பார். பாதிப் பேர் பயந்துபோவார்களாம், இது யாரோ எதிர்க்கட்சி அனுப்பின ஆள் என்று.

ஏன் என்று கேட்டால் ஒவ்வொருவரிடம் ஒவ்வொன்று சொல்வார். என்னிடம் செக்ரோல் கதை. எங்கள் பாதிரியாரிடம், அது நேர்ந்துகிட்ட ஒரு பொருத்தனை சாமி என்றாராம். பெண்சாதியிடம், "உனக்கென்ன, அஞ்சு வருசத்துக்கு ஒருநாளு நெழல்ல உக்காந்திருக்கறேன்" என்றாராம். எது நிஜம், எது வாய்க்கு வந்தது என்று அப்போதும் எனக்குத் தெரியவில்லை. இப்போது மட்டும் தெரிகிறதா என்ன!

குழப்பத்துக்கு அவர் மட்டும் காரணம் இல்லை, பாவம். எங்கள் தொகுதி நிலவரமே அப்படி. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு காம்பவுண்டு சுவர். ஒவ்வொரு தேர்தலுக்கும் அதில் சுண்ணாம்பு அடித்து ஒரு சின்னம் வரைவார்கள். மழை பெய்தால் புதுச் சின்னத்துக்கு அடியில் போன தேர்தல் சின்னம் பல்லை இளிக்கும். போன தடவை ஒருத்தரையொருத்தர் வாய்க்கு வந்தபடி வைத இரண்டு கட்சி, இந்தத் தடவை ஒரே ஜீப்பில் வருவார்கள். ஒரே கட்சி இரண்டாக உடைந்து இரண்டு ஜீப்பில் வருவார்கள். கைகூப்பி நிற்கிற முகம் அதே முகமாக இருக்கும், தோள் துண்டின் கரை மட்டும் மாறியிருக்கும். ஓட்டுப் போட்டுவிட்டு வந்து, "டீச்சரம்மா, நானு போட்டது நம்ம கச்சிதானுங்களே?" என்று என்னிடமே கேட்ட கிழவர்கள் உண்டு. இந்த அமளியில் மாறாமல் இருந்தது ஒன்றுதான். பெஞ்சின் ஓரத்தில் ரைட்டர் இருப்பார்.

அதற்கு அவர் கொடுத்த விலை அவர் வீடு.

எண்பதுகளின் நடுவில் வந்த தேர்தல் அது. கரடியூர்ப் பக்கத்து விவசாயி ஒருவரை, ரோடு போடாதவர்களுக்குப் பாடம் கற்பிக்கவேண்டும் என்று ஊர்க்காரர்களே கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்து சுயேச்சையாக நிறுத்தினார்கள். பத்தாம் நாள் ஒரு பெரிய கட்சியின் ஜீப் வந்தது. கற்பூரம் அணைத்தவர்கள் எல்லாம் அதில் ஏறிக்கொண்டார்கள். அந்த மனுஷனின் கூடப் பிறந்த அண்ணன்தான் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். விவசாயியின் பெயரை மட்டும் ஓட்டுச் சீட்டிலிருந்து எடுக்கமுடியவில்லை, வாபஸ் தேதி போய்விட்டது. ரைட்டர் போய்க் கையெழுத்து வாங்கிவிட்டார்.

ரைட்டர் வேலை பார்த்த எஸ்டேட்டின் மானேஜருக்கு அந்தப் பெரிய கட்சி வேட்பாளர் வேண்டியவர். கூப்பிட்டு விட்டார். "நீ எஸ்டேட் ஆளு. நீ போய் எதிர்ப்பக்கம் உக்காந்தா என்னய்யா அர்த்தம்?"

"அர்த்தமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க சார்" என்றாராம் இவர். மானேஜருக்கு அதுதான் தாங்கவில்லை. அர்த்தம் இருந்திருந்தால் மன்னித்திருப்பாரோ என்னவோ.

ரைட்டர் போய் உட்கார்ந்தார். பெட்டிக்குள் கையை விட்டார். விவசாயிக்கு அவர் வீட்டு ஓட்டே முழுசாக விழவில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பெரிய கட்சிக்காரர் எம்.எல்.ஏ. ஆனார். அடுத்த வாரமே, வேலையும் இல்லை, எஸ்டேட் லயத்து வரிசையில் இருக்கிற வீட்டைக் காலி பண்ணு என்று சீட்டு வந்துவிட்டது. இருபது வருஷமாக இருந்த வீடு. இரண்டு பெண்களையும் அங்கே இருந்துதான் கட்டிக்கொடுத்தார்கள்.

அவர் பெண்சாதி என்னைத் தேடி வந்தாள். வாசலிலேயே நின்றுகொண்டாள், உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"டீச்சரம்மா, மானேஜரு மாதா கோயில்ல உங்களுக்கு முன் பெஞ்சுலதான் உக்கார்றாரு. அவரு பசங்களுக்கு நீங்க பாடம் சொல்லிக் குடுக்கறீங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னாக் கேப்பாருங்க. ஊட்டை மட்டும் உடச் சொல்லுங்க."

"உங்க ஊட்டுக்காரருக்கு எதுக்குங்க இந்த வேலை? அந்த விவசாயி ஜெயிப்பாருன்னு நெனச்சாரா?"

"அப்படி நெனச்சிருந்தாக்கூட என்ற மனசு ஆறுமுங்க. 'அவருக்கு ஓட்டாச்சும் போட்டீங்களா'ன்னு கேட்டேன். 'அவருகிட்ட ஓட்டுப் போடறாப்பல என்ன இருக்குது, நான் வேற ஆளுக்குப் போட்டேன்'ங்கறாருங்க!" தலையில் அடித்துக்கொண்டாள். "ஓட்டு ஒருத்தனுக்கு, உக்கார்றது ஒருத்தனுக்கு. இப்படி ஒரு ஆம்பளைய எங்கீங்க கண்டிருக்கறீங்க?"

எனக்குத் தலை சுற்றியது. ஆனால் அவள் கேட்டது அதைப் பற்றி இல்லை, ஊட்டைப் பற்றி. நான் என்ன சொன்னேன்? நான் எலெக்‌ஷன் டூட்டி பார்த்தவள், ஒரு பக்கமாகப் போய்ப் பேசக்கூடாது, நாளைக்கு எனக்கு மெமோ வரும் என்றேன். தேர்தல் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. மானேஜரிடம் பேசினால் எனக்கு மெமோ கொடுக்க யாரும் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்த மனுஷனிடம் போய் வாய் திறக்கப் பயம், அவ்வளவுதான். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "செரீங்க டீச்சரம்மா" என்று போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து நான் வந்த பஸ் எஸ்டேட் கேட்டைக் கடந்தது. ரோட்டோரத்தில் கட்டில், அம்மி, தூக்குப் போசி, கோழிக் கூடை, அதற்கு மேலே கவிழ்த்து வைத்த ஏசுநாதர் படம். தூறல் விழுந்துகொண்டிருந்தது. அவள் படத்துக்கு முந்தானையைப் போட்டு மூடிக்கொண்டிருந்தாள். ரைட்டர் காதில் பென்சிலோடு, சாமான் ஏற்ற ஏதாவது வண்டிக்குக் கைகாட்டியபடி நின்றார். பஸ்ஸில் இருந்த எல்லாருக்கும் அவர்களைத் தெரியும். எல்லாரும் பார்த்தோம். கண்டக்டர் விசில் கொடுத்தார், பஸ் போய்விட்டது. நான் இறங்கவில்லை.

ஏற்காட்டில் தகரம் போட்ட ஒரு அறைக்குக் குடிவந்தார்கள். அவர் மனு எழுத உட்கார்ந்தார். இனி அடங்குவார் என்று நினைத்தோம். ஓட்டு மட்டும் செம்மநத்தம் லிஸ்டிலேயே இருந்தது.

அடுத்த தேர்தலில்தான் எல்லாருக்கும் பைத்தியம் பிடிக்காத குறை. போன தடவை ஜெயித்த அதே எம்.எல்.ஏ.வைக் கட்சி தூக்கி எறிந்துவிட்டது. அவர் தனியாக நின்றார். ரோடு போடவில்லை என்று ஊரே கொதித்துக்கொண்டிருந்தது. செம்மநத்தத்தில் அவருக்கு உட்கார ஒரு ஆள் கிடைக்கவில்லை. கற்பூரம் அணைத்தவர்கள், ஜீப்பில் ஏறியவர்கள், எஸ்டேட் மானேஜர், ஒருவரும் அவர் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

ரைட்டர் போய்க் கையெழுத்து வாங்கிவிட்டார்.

பெண்சாதி சொல்லிவிட்டாளாம், "யாருக்கு வேணாலும் உக்காருங்க. நம்மள ரோட்டுல நிறுத்துன ஆளுக்கு உக்காந்தீங்கன்னா, நான் வெள்ளக்கடைக்கு எங்கண்ணன் ஊட்டுக்குப் போயிருவேன்." அவர் பாரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அவள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டாள். பணம் வாங்கிவிட்டார் என்று ஊர் பேசியது. அந்த ஸ்வெட்டரைப் பார்த்த யாரும் அப்படிப் பேசமாட்டார்கள், ஆனாலும் பேசினார்கள்.

ஓட்டு நாளன்றைக்கு நான் சீட்டுக் கிழித்துக் கொடுக்கிற வேலையில் இருந்தேன். எனக்கு அடக்கமுடியாத கோபம். "உங்களுக்கு வெக்கமா இல்லீங்களா ரைட்டரே? உங்க ஊட்டைப் புடுங்குன கூட்டத்து ஆளு அவரு. பொண்டாட்டியே போயிட்டாங்க."

"நொம்ப நாயமுங்க டீச்சரம்மா" என்றார். "ஆனா அவரு பேருக்கு நேரா ஆளில்லீங்களே."

அடித்துவிடலாம்போல இருந்தது. மத்தியானம் எல்லாருக்கும் பொட்டலம் வந்தது. இவர் ஒரு பன்னைக் கையில் வைத்துக்கொண்டு பிய்த்துத் தின்னப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது வரிசையில் அவள் வந்தாள். வெள்ளக்கடையிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறாள், அவளுக்கும் ஓட்டு அங்கேதானே. லிஸ்டைப் பார்த்துப் பெயர் வாசிக்கிறவர் வழக்கம்போல, "ஊட்டுக்காரரு பேரு?" என்றார். எங்கள் பக்கத்துப் பெண்கள் அதை வாயால் சொல்லமாட்டார்கள், பின்னால் நிற்கிறவர்கள்தான் சொல்வார்கள். அவள் பெஞ்சைக் காட்டி, "அதோ உக்காந்திருக்குதே, அதானுங்க" என்றாள். வரிசையே சிரித்தது. மை வைத்துக்கொண்டாள், ஓட்டுப் போட்டாள். திரும்பிப் போகும்போது, முந்தானைக்கு அடியிலிருந்து தூக்குப் போசியை எடுத்து, அவர் முகத்தைப் பாராமல், பெஞ்சின் ஓரத்தில் ணங்கென்று வைத்துவிட்டுப் போனாள். அலுவலர் ஓடிவந்து மூடியைத் திறந்து பார்த்தார். புளிச்சோறு.

நாற்பது நாள் கழித்து ஒரு பலாப்பழத்தோடு திரும்பி வந்துவிட்டாள். ஏன் போனாள் என்பது எனக்குப் புரிந்தது. ஏன் வந்தாள் என்பது புரியவில்லை. கேட்டதற்கு, "பழம் கனிஞ்சிருச்சுங்க" என்றாள்.

தொண்ணூறுகளில் ஒரு தேர்தலுக்கு என்னையே தலைமை அலுவலராகப் போட்டார்கள். அதே செம்மநத்தம், அதே வகுப்பறை. காலையில் பனிமூட்டம், வாசலில் நிற்கிற போலீஸ்காரர் முகம்கூடத் தெரியவில்லை. பெஞ்சில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். மேசை விளக்குச் சின்னத்தில் நின்ற ஒரு சுயேச்சைக்கு ஆளில்லை. ரைட்டரைக் காணோம். அப்பாடா என்று இருந்தது. அப்படி இருந்ததற்காக என் மேலேயே எரிச்சலும் வந்தது. நேரமாகிவிட்டது, பெட்டியைத் திறக்கப் போனேன்.

குடையை மடக்கிக்கொண்டு அவள் உள்ளே வந்தாள். பிளாஸ்டிக் கவரிலிருந்து ஏஜென்டு பாரத்தை எடுத்து என் மேஜையில் வைத்தாள். மேசை விளக்குக்காரரின் கையெழுத்து. ஏஜென்டு பெயர் இருக்கவேண்டிய இடத்தில், ரைட்டரின் குண்டுக் கையெழுத்தில், அவள் பெயர்.

"ரைட்டர் எங்கீங்க?"

"காலு ரெண்டும் வீங்கிக் கெடக்குதுங்க. போயே தீருவேன்னு எறங்கி, கட்டிலடியில உளுந்துட்டாரு. நான் போறேன்னு சொன்னப்புறந்தான் படுத்தாரு."

"உங்களுக்குத்தான் இதைக் கண்டாலே ஆகாதேங்க."

"இப்பவும் ஆகாதுங்க. எதுக்கு உக்கார்றாருன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு வெளங்கலீங்க டீச்சரம்மா." ஈரக் குடையை மூலையில் சாத்தினாள். "அன்னிக்கு எங்க சாமான்சட்டெல்லாம் ரோட்டுல கெடந்துச்சு. நாலு பஸ்ஸு போச்சுங்க. யாராச்சும் ஒருத்தரு எறங்கி வந்து பக்கத்துல நின்னிருந்தா ஊடு திரும்பக் கெடச்சிருக்குமா? கெடச்சிருக்காது. அது தெரியுமுங்க. ஆனாலும் நிக்கலியேன்னு இருந்துச்சு. அதைய நெனச்சேன், கெளம்பி வந்துட்டேன்."

அந்த நாலு பஸ்ஸில் ஒன்றில் நான் இருந்தேன் என்பது அவளுக்குத் தெரியுமா? அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இன்றுவரை அது எனக்குத் தெரியாது.

பெட்டியைத் திறந்தேன். "பாத்துக்குங்க, காலி" என்றேன். இரண்டு ஏஜென்டுகளும் பேனாவை எடுத்தார்கள். அவள் வளையலை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு பெட்டிக்குள் கையை விட்டாள். வளையல் சரிந்து வந்து இரும்பில் கிலுங்கியது. நாலு மூலையையும் பொறுமையாகத் தடவினாள். யாரும் சிரிக்கவில்லை.

"காலிதானுங்க. மூடிக்குங்க" என்றாள். போய்ப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

மத்தியானம் ஏஜென்டுகளுக்குப் பொட்டலம் வந்தது. எங்களுக்கு வரவேண்டிய சாப்பாட்டு ஜீப் பனியில் எங்கேயோ நின்றுவிட்டது. அவள் பைக்குள்ளிருந்து ஒரு போசியை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அடியிலிருந்து இன்னொன்றை எடுத்து என் மேஜையில், ஓட்டுச் சீட்டுக் கட்டுக்குப் பக்கத்தில், வைத்தாள்.

"உங்களுக்கும் கொண்டுவர இங்க ஆளில்லீங்களே, டீச்சரம்மா."

சட்டம் எனக்கு மனப்பாடம். ஏஜென்டு கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கக்கூடாது. இரண்டு கட்சிக்காரர்களும் என்னையே பார்த்தார்கள். நான் கையைக் கழுவிக்கொண்டு வந்து மூடியைத் திறந்தேன். புளிச்சோறுதான். கடைசிப் பருக்கை வரைக்கும் சாப்பிட்டேன்.